ஒரே வீட்டில் இரும்புக் குறைவும் இரும்பு மிகுதியும்



இந்தப் பாடத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்கு எழுத்து தெரியாவிட்டால் மற்றவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குடிக்கிற கணவருக்குப் புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் புத்திமதி உங்கள் வீட்டில் வேண்டிய மட்டும் நடந்திருக்கும். இங்கே சொல்ல வந்தது இரும்புச்சத்தைப் பற்றி. குடிக்கிறவர் உடம்பில் அது என்ன செய்கிறது என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. தெரியாததால், நல்லது என்று நினைத்தே கெடுதல் செய்துவிடுகிறோம்.

எப்படி என்று பாருங்கள். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மியா இருக்கும்மா" என்று சிவப்பு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். கணவர் ஏழெட்டு வருடமாகத் தினம் சாயங்காலம் குடிக்கிறவர். அவருக்கும் இப்போது சோர்வு. முகம் வெளிறிக் கிடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, நாலு வரப்பு வெட்டினால் மூச்சு வாங்குகிறது. அதைப் பார்த்து மனைவி, "ஏங்க, உங்களுக்கும் ரத்தம் இல்ல போலிருக்கு. என் மாத்திரையில ரெண்டு போட்டுக்குங்க" என்கிறாள். இல்லாவிட்டால் மாமியார் மெடிக்கல் ஷாப்பில் ஒரு பாட்டில் இரும்பு டானிக் வாங்கி வந்து மகனுக்குக் கொடுக்கிறார்.

பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த மாத்திரை மனைவிக்கு உயிர். குடிக்கிற கணவருக்கு அது ஈரலில் எரிகிற நெருப்புக்கு விறகாகிவிடலாம்.

கலங்கல் இல்லாத ஏரி

நம் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஓர் ஆணி எடைதான். அதில் பெரும்பகுதி ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் இருந்துகொண்டு, நாம் இழுக்கிற மூச்சுக்காற்றில் உள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து போகிறது. மிச்சமுள்ளதில் பெரும் பங்கைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. தினம் நாம் சாப்பிடுகிற சாப்பாட்டிலிருந்து குடல் உள்ளே விடுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கடுகு எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? உங்கள் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். மழை அதிகமானால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறிவிடும், கரை உடையாது. உடம்பில் இரும்புக்கு அப்படி ஒரு கலங்கல் கிடையாது. மிஞ்சின உப்பைச் சிறுநீரில் தள்ளுகிற உடம்புக்கு, மிஞ்சின இரும்பைத் தள்ளத் தெரியாது. அதிக அளவில் வெளியே போக வேண்டுமானால் ரத்தமாகத்தான் போக வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கிலும் பிரசவத்திலும் அப்படிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் அவர்களுக்குக் குறைவு வருகிறது. ஆணுக்கு அந்த வழியும் இல்லை. மிஞ்சினது உள்ளேயே தங்கும்.

வெளியேற்ற வழியில்லாததால், உள்ளே விடுகிற மடையில்தான் காவல் போட வேண்டும். அந்தக் காவல் வேலை கல்லீரலுடையது. கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற ஒரு பொருளைச் சுரந்து ரத்தத்தில் அனுப்புகிறது. இது குடலுக்குப் போய், "போதும், மடையை அடை" என்று சொல்கிறது. இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், மடை திறக்கும். இரும்பு நிறைந்தால் ஹெப்சிடின் கூடும், மடை மூடும். விஞ்ஞானிகள் இதைக் கண்டுகொண்டது 2000, 2001 ஆண்டுகளில்தான். இந்தக் காவல்காரர் யார் என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது.

மது இந்தக் காவல்காரரைத் தூங்க வைக்கிறது. தொடர்ந்து குடிக்கிறவர் ஈரலில் ஹெப்சிடின் சுரப்பது குறைந்துபோகிறது. உடம்பில் வேண்டிய இரும்பு இருந்தும் மடை திறந்தே கிடக்கிறது. சாப்பாட்டில் உள்ள இரும்பு கணக்கில்லாமல் உள்ளே வந்து ஈரலில் தங்குகிறது. இதுதான் பாதிக் கதை. மீதிப் பாதி, அப்படித் தங்கின இரும்பு மதுவோடு சேர்ந்து செய்கிற வேலை.

ஈரலுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு குவார்ட்டர் பாட்டிலில் 180 மில்லி இருக்கிறது. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் நம் நாட்டில் பெரும்பாலும் அதன் வீரியம் நூற்றுக்கு 42.8. கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். தண்ணீர் ஊற்றினாலும் சோடா ஊற்றினாலும் அந்த 60 கிராம் குறையாது. ஒரு பெரிய பீர் பாட்டில், 650 மில்லி, ஸ்ட்ராங் வகையாக இருந்தால் அதில் 40 கிராம். "நான் பீர்தானே குடிக்கிறேன்" என்று சொல்கிறவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இந்தச் சரக்கைக் கரைக்கும் வேலையில் பெரும்பகுதி ஈரல் தலையில் விழுகிறது. மணிக்கு ஏழெட்டு கிராம்தான் அதனால் கரைக்க முடியும். இரவு 9 மணிக்கு ஒரு குவார்ட்டர் போட்டவரின் ஈரல் விடியற்காலை வரை தூங்குவதில்லை. அவர் குறட்டை விடுகிறார், அது உழைக்கிறது.

எப்போதோ குடிக்கிறவர் ஈரல் ஒரு வழியில் இதைக் கரைக்கிறது. தினம் குடிக்கிறவர் ஈரலோ, சமாளிக்க முடியாமல் இன்னொரு வழியையும் பெரிதாகத் திறந்துவிடுகிறது. "இப்பல்லாம் எனக்கு ஏறவே மாட்டேங்குது, நல்லாத் தாங்குது" என்று பெருமையாகச் சொல்வார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். தாங்குகிறது என்பது ஈரல் பலமாக இருப்பதற்கு அடையாளமே இல்லை. அந்த இரண்டாவது வழி நிறையப் புகை விடும் அடுப்பு மாதிரி. மதுவைக் கரைக்கும்போதே, பிராணவாயுவிலிருந்து பிறக்கிற கடுமையான கழிவுகளைத் தெறிக்கவிடுகிறது. இதை மருத்துவர்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

அந்தக் கழிவுகளில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆஸ்பத்திரியில் புண்ணின் மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதே பொருள்தான். ஈரலில் துளித்துளியாக உண்டாகும். அதைத் தண்ணீராக மாற்றிவிட ஈரலிடம் ஆட்கள் இருக்கிறார்கள்; குளூட்டத்தையோன் என்ற தீயணைப்புச் சரக்கும் இருக்கிறது. இரும்பு கட்டுப்பாடாக அதன் பெட்டியில் பூட்டியிருக்கிற வரையில் பெரிய ஆபத்தில்லை.

ஆனால் பெட்டி நிறைந்து இரும்பு வெளியே சிந்திக் கிடந்தால், அதுவும் பெராக்சைடும் சந்திக்கின்றன. சந்தித்தால் அதைவிடப் பலமடங்கு கொடிய பொருள் ஒன்று பிறக்கிறது. அது எதிரில் பட்டதையெல்லாம் எரிக்கும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் இந்த வேகம் வரும் என்று இங்கிலாந்தில் ஃபென்டன் என்பவர் 1894-லேயே எழுதிவைத்தார். அவர் அப்போது பரிசோதனைக் குடுவையில் பார்த்ததுதான் குடிக்கிறவர் ஈரலில் நடக்கிறது.

எரிவது என்ன தெரியுமா? முதலில் கொழுப்பு. தினம் குடிக்கிறவர்களில் அநேகமாக எல்லாருக்கும் ஈரலில் கொழுப்புப் படிகிறது. வீட்டில் கடலெண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும் அல்லவா? துருப்பிடித்த தகரத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் அடிக்கும். ஈரலில் படிந்த கொழுப்பும் இரும்பு பட்டு அதே மாதிரி சிக்குப் பிடிக்கிறது. அணுக்களின் சுவரே கொழுப்பால் ஆனது. அதுவும் கெட்டு ஓட்டை விழுகிறது. ஈரலில் காவல் இருக்கும் அணுக்கள் இதைப் பார்த்து ஊரைக் கூட்டுகின்றன; வீக்கம் வருகிறது. பிறகு தழும்பு போடும் அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. கையில் அரிவாள் பட்டால் ஒரு தழும்போடு போகும். ஈரலில் வருடக்கணக்காகத் தழும்பு விழுந்தால் அது சுருங்கிக் கெட்டியாகிவிடும். நாம் மகோதரம் என்று சொல்கிற வயிற்று நீர், பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தால் வருவதுதான். பல வருடம் மிகுதியாகக் குடிப்பவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் இந்த நிலைக்குப் போகிறார்கள். ஈரலில் இரும்பு மிகுந்தவர்களுக்குத் தழும்பும் வேகமாக விழுகிறது, ஈரல் புற்று வரும் அபாயமும் கூடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எரிச்சலேதான் ஹெப்சிடினையும் அடக்குகிறது. எரிய எரியக் காவல் தூங்கும். காவல் தூங்கத் தூங்க இரும்பு சேரும். இரும்பு சேரச் சேர இன்னும் எரியும். செக்குமாடு மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

தென் ஆப்பிரிக்கப் பகுதியில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். அங்கே சோளத்தைப் புளிக்கவைத்து வீட்டிலேயே பீர் காய்ச்சுவார்கள். முன்பு மண்பானையில் காய்ச்சினார்கள். பின்னால் இரும்பு டிரம்மும் இரும்புப் பானையும் வந்தன. புளித்த பானம் இரும்பைக் கரைத்துக்கொண்டது. குடித்த ஆண்களின் ஈரலில் இரும்பு அப்பிக் கிடந்ததை ஸ்டிராச்சன் என்ற மருத்துவர் 1929-இல் எழுதினார். பிறவியிலேயே இரும்பை அதிகம் இழுக்கும் உடல்வாகும் சிலருக்கு அங்கே இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். நம் ஊர்ப் பாட்டிலில் அப்படி இரும்பு கிடையாது. ஆனால் மடை திறந்து கிடப்பதால் சாப்பாட்டிலிருந்தே வந்து சேருகிறது. வழி வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

யார் தட்டில் எது?

நம் வீடுகளில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கினால் யாருக்குப் போகிறது? "குடிக்கிற உடம்பு, தெம்பு வேணும்" என்று அவருக்குத்தான் முதல் பங்கு. பாட்டிலுக்குத் தொட்டுக்கொள்ளவும் அதுவே. மனைவி கடைசியில் குழம்பில் கிடப்பதை வழித்துச் சாப்பிடுகிறாள். மாமிசத்தில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். ரத்தக் குறைவு உள்ளவளுக்குக் கிடைக்க வேண்டியது, அது சேர்ந்தால் கெடுதலாகிற உடம்புக்குப் போகிறது. தட்டை மாற்றி வையுங்கள். மாமியார்மார்களே, உங்களிடமும் இதைச் சொல்கிறோம்.

மனைவி முருங்கைக்கீரை, சுண்டல், மீன், முட்டை, சுவரொட்டி சாப்பிடட்டும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். இரும்புச் சட்டியில் குழம்பு வைப்பது அவளுக்கு நல்லதே. கணவருக்கு இரும்பு மிகுதி என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அவர் பங்கை மண்சட்டியில் வையுங்கள். அவர் கீரையையும் பருப்பையும் விட வேண்டியதில்லை. ஒழுங்காகச் சாப்பிடாததும் குடிக்கிறவருக்கு ஒரு வியாதிதான்.

ரத்தச் சோகையைத் தடுக்க இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் நம் நாட்டில் 1970-இல் தொடங்கியது. 2018-இல் வந்த ஏற்பாட்டின்படி, கர்ப்பிணிக்கு நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சிவப்பு மாத்திரை. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. மேலே சொன்ன கடுகளவுக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், "ரெண்டு போட்டுக்குங்க" என்பது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். மனைவி அதை ஒரு நாளும் விடக்கூடாது, யாருக்கும் பங்கு கொடுக்கவும் கூடாது. மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சின்னக் குழந்தை நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, கணவருக்கும் சோகை இருக்கிறதே, அது எதனால்? குடிப்பவர் சோகைக்குப் பல காரணம் உண்டு. ஃபோலிக் அமிலச் சத்து குறைந்திருக்கலாம். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதையே மது தடுத்திருக்கலாம். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கசிந்திருந்தால் அவருக்கு உண்மையிலேயே இரும்பு குறைந்திருக்கும். எல்லாக் குடிகாரருக்கும் இரும்பு மிகுதி என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிறின முகத்தைப் பார்த்து இது எது என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறோம். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஹீமோகுளோபினோடு, இருப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையும் தேவைப்படலாம். ஈரலில் வீக்கம் இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும். ஆகவே காகிதத்தில் உள்ள எண்ணை நீங்களே பார்த்து முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

டானிக் மட்டும் இல்லை. சித்த வைத்தியத்தில் கொடுக்கும் அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரண்டும் இரும்பிலிருந்து செய்வதுதான். வைத்தியரிடம் "தினம் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்குங்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே பாட்டிலும் நடக்கிற வீடுகள் உண்டு. அப்படிக் கழிகிற வாரங்கள் ஈரலுக்கு வீண்.

காலையில் மண்டை இடிக்கிறது என்று பாரசிட்டமால் மாத்திரையை மூன்று, நாலு என்று விழுங்குகிற வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மேலே சொன்ன அந்தப் புகை அடுப்பு இந்த மாத்திரையையும் விஷமாக மாற்றும். அணைக்க வேண்டிய குளூட்டத்தையோன் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். சாதாரண ஆளுக்குத் தாங்குகிற அளவு தினம் குடிக்கிறவருக்குத் தாங்காமல் போகலாம்.

கறுப்பு மலம்

இதில் பலர் குழம்புகிறார்கள். சிவப்பு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். அதற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் குடிக்கிறவருக்குத் தார் மாதிரி ஒட்டுகிற, நாற்றமடிக்கிற கறுப்பு மலம் போனால் உள்ளே ரத்தம் கொட்டுகிறது என்று அர்த்தம். ரத்த வாந்தியும் அதே வகை. கண் மஞ்சளாவது, வயிறும் காலும் வீங்குவது, பகலில் தூங்கி இரவில் பிதற்றுவது, இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிறுத்தினால் திரும்புமா?

பெரும்பாலும் திரும்பும். கொழுப்புப் படிந்த நிலையில் மட்டும் இருந்தால், குடியை அடியோடு நிறுத்திய சில வாரங்களிலேயே ஈரல் தெளிய ஆரம்பிக்கிறது. எரிச்சல் அடங்கியதும் காவல்காரர் விழித்துக்கொள்கிறார். ஏறியிருந்த ஃபெரிட்டினும் இறங்குகிறது. ரத்தத்தை எடுத்துவிட்டால் இரும்பு போய்விடுமே என்று சிலர் கேட்பார்கள். அது சில பரம்பரை நோய்களுக்கு டாக்டர் செய்கிற வைத்தியம். குடித்துக்கொண்டே இருக்கிறவருக்கு அதனால் ஈரல் பிழைக்காது. தழும்பு முற்றிவிட்டவருக்கு முழுதும் பழையபடி ஆகாது என்றாலும், நிறுத்தினவர் நிறுத்தாதவரைவிட அதிக காலம் இருக்கிறார்.

பல வருடம் தினம் மிகுதியாகக் குடித்தவர், சாமிக்கு மாலை போட்டதும் சத்தியம் பண்ணியதும் ஒரே நாளில் நிறுத்துவது உண்டு. மனசு நல்லது, ஆனால் உடம்பு பொல்லாதது. முதல் நாளிலேயே கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றலாம். "காத்து கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால் நிறுத்தும் முன்பே டாக்டரிடம் போங்கள். நடுக்கத்துக்கு மருந்தும், பி1 வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். மனசு தடுமாறினால் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை: மிகுதியான குடி ஆணின் விந்தணுவையும் குறைக்கிறது. கர்ப்பிணி ஒரு சொட்டும் தொடக்கூடாது. பெண்ணின் உடம்பில் நீர்ச்சத்து குறைவு. அதே அளவு மது அவள் ஈரலை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். உடம்பு வலிக்கு என்று வயல் வேலை செய்கிற பெண்கள் சாயங்காலம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் ஊர்களும் இருப்பதால் இதைச் சொல்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரை, டானிக் பாட்டில், செந்தூரப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "கொஞ்சம் குடிப்பேன்" என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள். தினம் எத்தனை குவார்ட்டர், எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். அவருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அம்மா, நீங்கள் சொல்லுங்கள்; கணவர் அதற்காக வீட்டுக்கு வந்து கோபிக்கக்கூடாது.